நான்காம் நிழல்

ஆடுவதற்கு ஆளே தேவைப்படாத ஒரு கூட்டத்தை நிரஞ்சனா உண்டாக்கியிருந்தாள்.

டி.ஜே. ஒருவர் கல்யாண வரவேற்புக்குப் பாட்டுகளை வரிசைப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாட்டுக்குப் பின் எது, எங்கே தாளத்தை ஏற்றுவது, எங்கே இறக்கி மூச்சு வாங்க விடுவது என்பதெல்லாம் அவருக்கு ஊகம்தான். சரியா தவறா என்பது மேடையில்தான் தெரியும். நிரஞ்சனாவின் ‘களம்’ என்ற மென்பொருளில் அந்தக் கவலை இல்லை. வரிசையைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினால் திரையில் நிழல் உருவங்கள் எழுந்து ஆடும். அலுத்தால் உட்காரும். பிடிக்காவிட்டால் வெளியே போய்விடும். எந்தப் பாட்டில் களம் காலியாகிறது என்று பார்த்து அதை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த நிழல்கள் கற்பனையில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மெய்யான ஓர் ஆள் உண்டு. நாடித் துடிப்பையும் கை அசைவையும் நிற்கும் இடத்தையும் பதியும் பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பாட்டுக் கேட்டால் போதும். அந்த ஆளுக்கு எந்த ஒலி எப்படிப் படும் என்பதை மென்பொருள் கற்றுக்கொள்ளும். பிறகு அவர் கேட்டே இராத பாட்டுக்கும் அவருடைய நிழல் ஆடும்.

ஆனால் முன்பின் தெரியாத கம்பெனிக்குத் தன் நாடியைக் கொடுக்க யார் சம்மதிப்பார்கள்? கடைசியில், கம்பெனியை நடத்தும் தரணிதரன் தன் கல்யாண வரவேற்பிலேயே பதிவை வைத்துக்கொண்டான். அவன் நிரஞ்சனாவின் அண்ணன். விருந்தாளிகள் எல்லாரும் உறவும் நட்பும். கேட்டதும் கை நீட்டினார்கள்.

எல்லாருக்கும் பட்டை கட்டிவிட்டவர் அவர்களுடைய அப்பா சென்னியப்பன். வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சரவணம்பட்டியில் இருந்த அந்தக் கம்பெனியில் கடைசிச் சோதனை அவருடையது. அவர் காது சம்மதிக்காமல் எதுவும் வாசலைத் தாண்டாது. குடும்ப விஷயத்திலும் அப்படியே. வரவேற்பு அன்று மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் நடுவே மஞ்சள் பிள்ளையாரைப் பிடித்து வைத்து, பக்கத்தில் பட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே கட்டினார். வேறு யாரையும் கட்ட விடவில்லை. வீட்டுத் தலைவர் செய்ய வேண்டிய வரவேற்பு அது என்பது அவர் எண்ணம்.

பட்டைகளில் எண் மட்டும்தான் இருந்தது. அது நிரஞ்சனா போட்ட சட்டம். “எண்ணுக்குள்ள ஆளைத் தேடக்கூடாதுங்க. தேடுனா அது பாட்டுச் சோதனை இல்லை, ஒட்டுக் கேக்கறது.” எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சென்னியப்பன்தான் முதலில் தலையாட்டினார்.

சட்டத்தை முதலில் மீறியவரும் அவரே.

சோதனையின்போது ஒரு பழுது தொடர்ந்து தலைகாட்டியது. வரவேற்பில் போட்ட பழைய மெல்லிசைப் பாட்டு ஒன்று வரிசையில் இருந்தது. மெதுவான தாளம் ஒன்றை அதன் மேல் பூசியிருந்தார்கள். அது வந்தாலே இரண்டு நிழல்கள் எழுந்து வெளியே போயின. பிடிக்காமல் போகிறவர்களின் நாடி தணிந்திருக்கும். இவர்களுடைய நாடியோ பாட்டின் முதல் வரிக்கே துள்ளியது. இரண்டும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாகப் போயின, பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. பாட்டை எங்கே மாற்றி வைத்தாலும் அதே கதை.

நான்காம் நிழலும் அறுபதாம் நிழலும்.

சென்னியப்பனுக்கு ஞாபக சக்தி உண்டு. அதில் பெருமையும் உண்டு. யாருக்கு எந்த எண்ணைக் கட்டினார் என்பது அவர் விரல்களிலேயே இருந்தது. நான்காம் பட்டை நிரஞ்சனாவுக்கு. கட்டும்போது வளையல் தடுத்தது, அதை மேலே தள்ளிவிட்டுக் கட்டினார். அறுபதையும் மறக்க முடியாது. கம்பெனி ஆட்கள் வரிசையில் வந்தபோது, ஒலி கலக்கும் ஆல்பிரெட் தன் கையைப் பார்த்துவிட்டு, “சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள அறுபதாம் கல்யாணமா?” என்று கேட்டு, வரிசை முழுக்கச் சிரித்தது.

மகளைக் கேட்பறைக்கு அழைத்தார். ஒலி வெளியே கசியாத அறை அது. இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அவருக்குத் தெரியவில்லை.

திரையில் அந்தப் பாட்டை ஓட விட்டார். இரண்டு நிழல்களும் எழுந்து போயின.

“இது யாரு அம்மணி?”

“அப்பா, அதைப் பார்க்கக்கூடாதுன்னு நாம பேசியிருக்கோமுங்களே.”

“நான் தேடலை. என் கையில கட்டுனது. நாலு நீ. அறுபது அந்த ஆல்பிரெட்டு.”

நிரஞ்சனா ஒரு கணம் விழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். “ஆல்பிரெட்டா? அவன் பக்கத்துல உக்கார்ந்து சாப்பிடக்கூட என்னால ஆகாதுங்கப்பா. வாய் நிறையச் சோத்தை வெச்சுக்கிட்டு பேஸ் சத்தத்தைப் பத்திப் பேசுவான்.”

“சிரிக்காதே.”

“அந்தப் பாட்டு வந்தப்ப நான் மேடைக்கு முன்னால ஆடிட்டிருந்தேன். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.”

“யாரைக் கேக்கறது? எதுக்குக் கேக்கறீங்கன்னு திருப்பிக் கேட்டா என்ன சொல்றது? என் பொண்ணு மண்டபத்துக்குப் பின்னால போனாளான்னு நானே ஊரைக் கூட்டி விசாரிக்கணுமா?”

வரவேற்பு அன்று அந்த நேரத்தில் அவர் பந்தியில் இருந்தார். சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இலையோரம் நின்று ஒவ்வொருவரையும் கவனித்தார். அரங்கத்தில் நடந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நூறு பேர் இருந்தார்கள். ஒருவரைக்கூடக் கேட்க முடியாதபடி அவருடைய மரியாதை அவர் வாயைக் கட்டியிருந்தது.

“மெஷினு பொய் சொல்லாதுன்னு நீதானே சொல்லுவே,” என்றார்.

நிரஞ்சனா திரைப்பக்கம் திரும்பினாள். பாட்டை மறுபடி ஓட விட்டாள். நிழல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசி எண்வரை போய்ப் பார்த்தாள். பிறகு நான்காம் நிழலையே வெகு நேரம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்து, முகம் வெளிறியது. அந்த வெளிறலை அகப்பட்டுக்கொண்டவளின் வெளிறல் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

“சரிங்கப்பா,” என்றாள்.

“என்ன சரி?”

“நீங்க நினைக்கற மாதிரியே இருக்கட்டும்.”

“அப்ப ஒத்துக்கறியா?”

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். மறு வாரமே பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினாள். ஆல்பிரெட்டை வேலையிலிருந்து நிறுத்துவதற்குக் காரணம் ஒன்று வேண்டியிருந்தது. அவன் காது போதாது, தாளத்தின் நுணுக்கம் பிடிபடவில்லை என்று சென்னியப்பன் சொன்னார். அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. தரணியும் மறுபேச்சுப் பேசவில்லை. குடும்ப மானம் வெளியே ஒரு சொல்கூடச் சிந்தாமல் காப்பாற்றப்பட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதி ஆடியிலிருந்து தை வரை நீடித்தது.

தையில் கம்பெனியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றி ஒரு விழா வைத்தார்கள். இன்னொரு பதிவு எடுக்கலாம் என்று தரணி சொன்னதால் சென்னியப்பன் மறுபடியும் வாசலில் நின்று பட்டை கட்டினார். மறுநாள் தரணி திரையைப் பார்த்துக்கொண்டே, “ஒண்ணு குறையுதுங்கப்பா,” என்றான்.

“எது?”

“நீங்க கட்டுனதுக்கும் நிழலுக்கும். பிள்ளையாருக்குக் கட்டுனது போச்சு.”

“பிள்ளையாருக்கா?”

“நம்ம வீட்டுல எது வாங்குனாலும் மொதல் உருப்படி அவருக்குத்தானே. மஞ்சப் பிள்ளையாருக்கு நாடி எங்கே இருக்குது? துடிக்காத பட்டையைப் பழுதுன்னு இது தள்ளிருது. மிச்சத்தை ஒண்ணுல இருந்து எண்ணுது. என் ரிசப்ஷன்லயும் இப்படித்தான்.” அவன் சிரித்தான். “ரெண்டாவதாக் கட்டுன நான்தான் அதுல மொத நிழல். பிள்ளையாருக்கு அடுத்தது நானாக்கும்.”

சென்னியப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “இது உனக்கு எப்பத் தெரியும்?”

“நிரஞ்சனா போறதுக்கு முன்னால சொன்னாளுங்க. ‘அண்ணா, எல்லாம் ஒண்ணு தள்ளி விழுந்திருக்கு. ஆனா திருத்திடாதே, இப்படியே இருக்கட்டும்’னா. ஏன்டின்னு கேட்டேன். பேசாமப் போயிட்டா. அவ எழுதுன புரோகிராமை நான் எதுக்குத் தொடணும்னு விட்டுட்டேன்.”

தரணி எழுந்து போனபின் சென்னியப்பன் பழைய பதிவைத் திறந்தார். விரல்களில் இருந்த ஞாபகம் இப்போது அவரையே குத்தியது. முதல் பட்டை பிள்ளையாருக்கு. பிறகு தரணி, மருமகள், நிரஞ்சனா. அதற்கும் பிறகு சுலோச்சனா.

சுலோச்சனா அவருடைய தங்கை. புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்து பல வருஷமாகிறது. அன்று குடும்பத்தார் வரிசையில் அவள் முன்னே வரவில்லை. நல்ல காரியத்தில் முன்னே நிற்க மாட்டாள். “நீயும் வா” என்று அவர்தான் கடைசியில் கூப்பிட்டார். ஐந்தாம் பட்டை. நான்காம் நிழல்.

ஆல்பிரெட்டுக்கு அடுத்து நின்றவர் கனகராஜ். கம்பெனியின் பாட்டுக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர்; ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர், தனி ஆள். அறுபத்தொன்றாம் பட்டை. அறுபதாம் நிழல்.

அப்படியானால் நிரஞ்சனா எங்கே? மூன்றாம் நிழலைத் திரையில் பெரிதாக்கினார். மெல்லிசைப் பாட்டு ஓடியது. இரண்டு பேர் எழுந்து போக, மூன்றாம் நிழல் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கை ஒவ்வொரு தடவையும் தாளத்துக்கு அரை மாத்திரை முந்தியே மேலே போனது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் கை தட்டுவாள். “அவசரக்குடுக்கை, தாளத்துக்குக் காத்திரு” என்று எத்தனை தடவை அதட்டியிருக்கிறார்! அத்தனை மாதமும் அந்தக் கை திரையிலேயே இருந்தது. ஊரே மெச்சிய காதும் கண்ணும் அதைத் தவறவிட்டன. அவர் எண்ணை மட்டுமே பார்த்தார்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. சுலோச்சனாவா? இந்த வயதிலா? நம் ஆட்கள்கூட இல்லையே அந்த ஆள். எழுந்து வீட்டுக்குப் போகக் காரைக்கூட எடுத்தார். சிக்னலில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. இதே காரியத்தை ஒரு தடவை செய்து முடித்தாயிற்று. அதற்கான விலையையும் வேறொருத்தி கொடுத்தாயிற்று. கேட்பறையில் மகளின் முகம் வெளுத்தது மாட்டிக்கொண்டதால் அல்ல. அத்தையைக் கண்டுகொண்டதால்.

அவர் காரைத் திருப்பினார்.

மத்தியானம் சுலோச்சனா வழக்கம்போலக் கம்பெனியில் எல்லாருக்கும் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தாள். ரசம் ஊற்றினாள், பொரியல் வைத்தாள். மோர் இருந்த ஒரு சின்னப் பாட்டிலைப் பேசாமல் மேசையின் கோடியில் வைத்தாள். கனகராஜ் வந்து உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டார். அவருக்குக் காரம் ஆகாது. அந்தப் பாட்டில் எத்தனை வருஷமாக அங்கே வருகிறது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

“ஏனுங்ணா, சாப்பிடாம பாத்துட்டே இருக்கீங்க? உப்பு பத்தலையா?” என்று சுலோச்சனா கேட்டாள்.

“சரியா இருக்குது,” என்றார்.

முதலில் ஆல்பிரெட்டுக்குப் போன் போட்டார். தன்னைவிட இளையவன் ஒருவனிடம் தப்பை ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தை அவர் அதுவரை பேசியதில்லை. எழுந்து நின்றுகொண்டுதான் பேச முடிந்தது.

“தம்பி, உங்க காதுல ஒரு குறையும் இல்லை. நான் சொன்னது தப்பு.”

மறுமுனையில் கல் அறுக்கும் சத்தம் கேட்டது. “சார், சென்னியப்பன் சாருங்களா? பரவாயில்லைங்க சார். நீங்க கூப்பிட்டதே பெருசு.”

“வந்துருங்க. மறுபடி சேந்துக்கங்க.”

“இல்லீங்க சார்.” அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. “நீங்களே சொல்லிட்டீங்கன்னா அப்புறம் யாரு சொல்லி என்ன இருக்குது? அப்பவே சாமானை எல்லாம் வித்துட்டேன். இப்ப அப்பாவோட டைல்ஸ் கடைல இருக்கேன். ஹெட்போனை மாட்டினாலே, எனக்குக் கேக்காத ஏதோ ஒண்ணு இதுல இருக்குதுன்னு தோணுது. அந்த நெனைப்பு போக மாட்டேங்குதுங்க சார்.”

இவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது பிறகு அவருக்கே நினைவில்லை.

மகளுக்குப் போன் போட இன்னும் சில நாள் ஆயிற்று. அவள் எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா.”

“மொதப் பட்டையைப் பிள்ளையாருக்குக் கட்டியிருந்தேன்,” என்றார்.

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் வந்தது. பிறகு அவள் கேட்டது இதுதான்: “அத்தைகிட்ட ஏதாச்சும் கேட்டீங்களா?”

“இல்லை.”

“அவரை ஏதாச்சும் சொன்னீங்களா?”

“இல்லை அம்மணி.”

“கேட்டுடாதீங்க. கேட்டீங்கன்னா நான் கெளம்பி வந்ததே வீணாப் போயிரும்.”

“அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். மகளுக்குப் பெங்களூர் இருந்தது. சுலோச்சனாவுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை.

“பங்குனில வெளியீட்டு விழா. அதே மண்டபம்,” என்றார். “நீ கட்டுனது. நீ வரணும்.”

“பாக்கறேனுங்கப்பா.”

விழாவுக்கு முன்னால் தரணி கடைசி ஒப்புதலுக்காக வந்தான். அந்த மெல்லிசைப் பாட்டுக்கு மென்பொருள் சிவப்புக் குறி போட்டிருந்தது. இனிமேல் இதை வாங்கும் டி.ஜே. எல்லாருக்கும் அது ஒரே யோசனையைச் சொல்லும்: இந்தப் பாட்டு வேண்டாம், ஆட்கள் எழுந்து போகிறார்கள்.

“அந்த ரெண்டு நிழலையும் அழிச்சிரு,” என்றார் சென்னியப்பன். “பாட்டு இருக்கட்டும். விழாவுலயும் போடச் சொல்லு.”

“பழுதுன்னு குறிச்சுக்கட்டுங்களா?”

“பழுதுன்னு எழுதாதே.”

அழிந்ததைத் தன் கண்ணால் பார்த்த பிறகே எழுந்தார்.

விழா அன்று வாசலில் சந்தனமும் கற்கண்டும் இருந்தன. பட்டைப் பெட்டியும் இருந்தது. சென்னியப்பன் ஒரு பட்டையை எடுத்து மஞ்சள் பிள்ளையாருக்குச் சுற்றினார். பிறகு பெட்டியை மூடி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

“பதிவு வேண்டாமுங்களா?” என்று தரணி கேட்டான்.

“இன்னிக்கு எல்லாரும் சும்மா பாட்டுக் கேக்கட்டும்.”

சுலோச்சனா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கனகராஜ் ஒலிப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். நிரஞ்சனாவைக் காணவில்லை. டி.ஜே. தாளத்தை ஏற்றினார், இறக்கினார், கூட்டம் அவர் இழுத்த இழுப்புக்கு ஆடியது. பிறகு அந்தப் பாட்டின் முதல் வரி வந்தது.

சென்னியப்பன் எழுந்தார். அரங்கத்தின் பக்கம் திரும்பாமல் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

பந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரே ஓர் இலைக்கு முன்னால் நிரஞ்சனா உட்கார்ந்திருந்தாள், தோள்பை பக்கத்து நாற்காலியில். சமையல்காரரிடம் கேட்டு இட்லி வாங்கிப் போட்டிருந்தாள்.

“எப்ப வந்தே?”

“இப்பத்தானுங்க. ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்.”

“வீட்டுக்கு வரலையா?”

அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். “இந்தத் தடவை இல்லீங்கப்பா.”

அவர் சாம்பார் வாளியை எடுத்துக் கரண்டியால் கலக்கி அவள் இலையில் ஊற்றினார். கொஞ்சம் இலையோரம் சிந்தியது. அவள் விரலால் வழித்து உள்ளே தள்ளினாள். சுவருக்கு அப்பால் அந்தப் பாட்டு மெல்லக் கேட்டது. மேசைமேல் இருந்த அவளுடைய இடது கை அவளை அறியாமலே தாளம் போட்டது. அரை மாத்திரை முந்தி. அவர் அதைத் திருத்தவில்லை.

பின்பக்கத் தாழ்வாரக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. நிரஞ்சனா தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“உள்ளே பாட்டு நடக்குது. நீங்க போகலீங்களா?”

“இங்க வேலை இருக்குது,” என்றார் சென்னியப்பன்.

ஒரு வேலையும் இல்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை, ஒரே ஓர் இலைக்கு முன்னால் அவர் நின்றிருந்தார்.